கடாரம் கொண்ட படை கட்டப்பட்டது எப்படி?

பாலக்காடு மாவட்டம் சித்தூர் பகவதி கோயிலில் ஆண்டுதோறும் கும்ப மாதத்தில் "கொங்கன் படை" என்ற திருவிழா நடைபெற்று வருகிறது. கிழக்கேயிருந்து கணவாய் வழியாகப் படை நடத்தி வந்த கொங்கனை, ஊர் மக்களுக்குத் துணையாகப் பகவதியே களத்தில் இறங்கி முறியடித்தாள் என்பது ஐதிகம். வந்தவன் சோழ மன்னன் என்று கூறுவோரும் உண்டு. கொங்கன் அனுப்பிய போர் ஓலை வாசிக்கப்படும். படைவீரர் வேடங்கள் வரும். வெடி முழங்கும். சித்தூர் வட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாக வாழும் தமிழ்க் குடும்பங்களும் மலையாளக் குடும்பங்களும் தோளோடு தோள் நின்று இதைப் பார்க்கின்றன.

விழா பார்த்துவிட்டு வரும் தமிழ்ப் பிள்ளை, மறுநாள் சரித்திரப் பாடத்தில் ராஜேந்திர சோழன் கடல் கடந்து கடாரம் கொண்டான் என்று படிக்கிறது. கோயில் திடலில் துரத்தியடிக்கப்பட்ட பகைவனாக வந்த சோழன், பாடப்புத்தகத்தில் பெருமைக்குரிய வீரனாக நிற்கிறான். சோழன் நம்மவனா, பகைவனா என்று பிள்ளை கேட்டால் பெற்றோர் என்ன பதில் சொல்வது? அந்தப் படையில் இருந்தவர்கள் யார், அதற்குச் சோறு போட்டவர்கள் யார், கப்பல் கொடுத்தவர்கள் யார் என்று பார்த்தால் பதில் தானே கிடைக்கும்.

கடாரப் படையெடுப்பு நடந்தது 1025ஆம் ஆண்டில். 2025இல் ஆயிரமாண்டு நிறைவாயிற்று. அவ்வாண்டு ஆடித் திருவாதிரை விழா கங்கைகொண்ட சோழபுரத்தில் பெரும் சிறப்புடன் கொண்டாடப்பட்டது. அதையொட்டி மேடைகளில் ஆயிரக்கணக்கான கப்பல்கள் என்றும், லட்சக்கணக்கான வீரர்கள் என்றும் பேசப்பட்டது. சாசனங்களில் இருப்பது என்ன என்று பார்ப்போம்.

கல்வெட்டு சொல்வதும் சொல்லாததும்

ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தியே இப்படையெடுப்புக்குத் தலையாய சான்று. அலைகடலின் நடுவே பல மரக்கலங்களைச் செலுத்தி, கடாரத்து அரசனான சங்கிராம விஜயோத்துங்கவர்மனை அவனுடைய யானைகளோடு பிடித்து, அவன் சேர்த்து வைத்திருந்த செல்வத்தையும், வித்தியாதர தோரணம் என்னும் வாயில் அலங்காரத்தையும், மணிகள் பதித்த கதவுகளையும் கவர்ந்தான் என்பது அதன் சாரம். பின்னர் ஊர்ப் பட்டியல் வருகிறது. ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், மாயிருடிங்கம், இலங்காசோகம், மாப்பப்பாளம், மேவிலிம்பங்கம், வளைப்பந்தூறு, தலைத்தக்கோலம், மாதமாலிங்கம், இலாமுரிதேசம், மாநக்கவாரம், கடாரம் ஆகிய 13 இடங்கள்.

இவற்றில் பலவற்றை ஆராய்ச்சியாளர்கள் அடையாளம் கண்டுள்ளனர். ஸ்ரீவிஜயம் என்பது சுமத்ராவின் பாலெம்பாங். மலையூர் அதே தீவின் ஜாம்பிப் பகுதி. இலாமுரிதேசம் சுமத்ராவின் வடமுனை. மாதமாலிங்கமும் இலங்காசோகமும் இன்றைய தாய்லாந்தின் தென்பகுதியைச் சேர்ந்தவை. மாநக்கவாரம் நிக்கோபார் தீவுகள். கடாரம் மலேசியாவின் கெடா மாநிலம்.

பட்டியலில் ஒவ்வொரு ஊருக்கும் ஓர் அடைமொழி உண்டு. ஒன்று உயர்ந்த மலைமேல் அரணுடையது, ஒன்று ஆழ்கடலையே அகழியாகக் கொண்டது, ஒன்று தேன் சொரியும் சோலைகள் உடையது என்றெல்லாம் வருகிறது. புலவர் வாக்கு என்று இதை ஒதுக்கிவிடலாகாது. எந்தத் துறைமுகம் எத்தகைய காவலுடையது என்ற செய்தி, போய் வந்தவர்கள் வாயிலாகத் தலைநகரை எட்டியிருந்தது என்பதற்கு இது அறிகுறி.

எத்தனை கப்பல்கள்? எத்தனை வீரர்கள்? தலைமை தாங்கிய தளபதி யார்? எந்தத் துறையிலிருந்து புறப்பட்டார்கள்? இந்த நான்கு கேள்விகளுக்கும் மெய்க்கீர்த்தியில் விடை கிடையாது. திருவாலங்காட்டுச் செப்பேடோ, கடலைத் தாண்டிய வீரர்களைக் கொண்டு கடாரத்தை வென்றான் என்று ஒரே ஒரு சுலோகத்தில் முடித்துக்கொள்கிறது.

சோழர் கடற்படைக்குப் படிப்படியான பதவிப் பெயர்களும், கப்பல் வகைகளின் பெயர்களும் அட்டவணையாக அடுக்கப்பட்டு இப்போது பலவிடங்களில் உலவுகின்றன. அந்தப் பதவி வரிசைக்குக் கல்வெட்டு ஆதாரம் காட்டப்படவில்லை. கப்பல் பெயர்களாகச் சொல்லப்படுபவற்றில் லோலா, தாரிணி போன்றவை "யுக்தி கல்பதரு" என்ற வடமொழி நூலில் காணப்படுபவை. அந்நூல் மாளவ நாட்டுப் போஜராஜனின் பெயரால் வழங்குவது. சோழ நாட்டுத் துறைமுகத்தில் எழுதப்பட்டதன்று.

அட்டவணை பொய்த்தால் பெருமை குறைந்துவிடும் என்று எண்ண வேண்டியதில்லை. கல்லிலும் செப்பேட்டிலும் இருப்பதே அதைவிடச் சுவையானது.

"தெரிந்த" படைகள்

1010இல் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலின் சுவர்களைப் படித்தால், ராஜராஜன் தன் மகனுக்கு விட்டுச் சென்ற படையின் அமைப்பு கண்முன் நிற்கும். பண்டிதசோழத் தெரிந்த வில்லிகள், உத்தமசோழத் தெரிந்த அந்தளகத்தாளர், நிகரிலிசோழத் தெரிந்த உடனிலைக் குதிரைச்சேவகர், மும்முடிசோழத் தெரிந்த ஆனைப்பாகர், சிங்களாந்தகத் தெரிந்த கைக்கோளர், இளைய ராஜராஜத் தெரிந்த வலங்கை வேளைக்காரர் என்று பெயர்கள் நீள்கின்றன.

"தெரிந்த" என்றால் தேர்ந்தெடுக்கப்பட்ட என்று பொருள். முன்னால் நிற்பது அரசனின் அல்லது இளவரசனின் விருதுப்பெயர். பின்னால் நிற்பது செய்யும் வேலை. வில்லிகள் வில்லாளர். அந்தளகத்தாளர் கவசம் அணிந்தவர். வேளைக்காரர், வேளை வரும்போது உயிரையும் கொடுப்போம் என்று சபதம் செய்துகொண்டவர். பெயரைப் பார்த்தாலே எந்த மன்னர் பெயரால் எழுந்த படை, என்ன ஆயுதம் என்பது விளங்கிவிடும்.

இப்படைகளுக்குக் கூட்டு வாழ்க்கையும் இருந்தது. பெரிய கோயிலின் சில திருமேனிகளுக்குரிய வழிபாட்டுச் செலவைப் படைப்பிரிவுகள் பொறுப்பேற்றன. கோயில் பண்டாரத்திலிருந்து காசு பெற்று வட்டி செலுத்தின. படைவீரர் கூட்டம் ஒன்று கோயிலோடு கணக்கு வைத்துக்கொண்டது என்றால், அது போர் முடிந்ததும் கலைந்து போகும் கும்பலாக இருந்திருக்க முடியாது.

திருநெல்வேலிச் சீமையில் உள்ள திருவாலீஸ்வரம் கோயிலில் "மூன்றுகை மகாசேனை" என்ற படையின் பெருமை கூறும் 11ஆம் நூற்றாண்டுச் சாசனம் இருக்கிறது. அக்கோயில் அப்படையின் பாதுகாப்பில் விடப்பட்டது. தாங்கள் கடல் கடந்து ஈழத்து மாதோட்டத்தை அழித்ததையும், விழிஞத்தையும் சாலையையும் கைப்பற்றியதையும் அப்படையினர் அதில் சொல்லிக்கொள்கிறார்கள். தரையில் பாசறை அமைத்துத் தங்கிய அதே வீரர்கள்தான் கடலும் கடந்தார்கள். கடலுக்கென்றே தனியாக வளர்க்கப்பட்ட சேனை ஒன்றை இச்சாசனம் காட்டவில்லை. ஆணை வந்தால் கலமேறிச் சென்று மறுகரையில் இறங்கிப் போரிட்ட தரைப்படையையே காட்டுகிறது.

அவர்கள் கடலில் பழகிய இடமும் கவனிக்கத்தக்கது. ராஜராஜனின் தொடக்க கால வெற்றியாகச் சொல்லப்படுவது காந்தளூர்ச் சாலை. அது இன்றைய திருவனந்தபுரம், விழிஞம் வட்டாரத்தைச் சேர்ந்தது என்பது பெரும்பாலோர் கருத்து. அங்கே "கலமறுத்தது" கப்பல்களை அழித்ததா, வேறொன்றா என்று அறிஞரிடையே வாதம் உண்டு. பிறகு வட இலங்கையும், "முந்நீர்ப் பழந்தீவு பன்னீராயிரம்" எனப்பட்ட மாலத்தீவும் வந்தன. 1017இல் இலங்கை முழுவதும் ராஜேந்திரன் கைக்கு வந்தது. ஆகவே கடாரம் அவர்களுக்கு முதல் கடற்பயணம் அன்று. முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழக்கம் பின்னால் இருந்தது. அந்தப் பழக்கம் தொடங்கிய இடங்களுள் ஒன்று கேரளக் கரை.

மலை நாட்டிலிருந்து வந்தவர்கள்

சோழர் படையில் சோழ நாட்டார் மட்டுமே இருந்தார்கள் என்று எண்ணுவது தவறு. சிறுதனத்து வடுகக் காவலர் என்ற பெயர் தஞ்சைக் கல்வெட்டிலேயே வருகிறது. வடுகர், தெலுங்கு நாட்டார்.

மலை நாட்டுத் தொடர்போ இன்னும் பழையது. ராஜராஜனுக்கு முன், முதலாம் பராந்தக சோழனின் மகன் ராஜாதித்தன் திருமுனைப்பாடி நாட்டில் பெரும்படையோடு தங்கியிருந்தான். அவனுடைய பெரும்படை நாயகனாக இருந்தவன் வெள்ளங்குமரன். மலை நாட்டுப் புத்தூரைச் சேர்ந்தவன். பெண்ணையாற்றங்கரையில் கிராமம் என்னும் ஊரில் சிவன் கோயிலைக் கற்றளியாக 943இல் கட்டியவன் இவனே. அதே ராஜாதித்தனுக்கு உற்ற துணைவனாக இருந்த இன்னொரு கேரளத்தவர் சதுரானன பண்டிதர். 949இல் அரக்கோணத்தை அடுத்த தக்கோலத்தில் நடந்த போரில் ராஜாதித்தன் யானை மேலிருந்தபடியே மாண்டான். அந்த நேரத்தில் அவன் பக்கத்தில் நின்று தானும் உயிர் விட முடியாமற்போனதே என்று மனம் நொந்து, துறவு பூண்டு, திருவொற்றியூரில் மடத்துத் தலைவரானார் சதுரானனர். சோழ இளவரசனுக்காக ஒரு மலையாளி உலகத்தையே துறந்த வரலாறு இது.

பிற்காலத்துச் சான்றும் உண்டு. இலங்கைப் பொலன்னறுவையில் 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்றில், புத்தரின் புனிதப் பல் வைக்கப்பட்ட கோயிலைக் காப்பதாக வேளைக்காரப் படையினர் உறுதி கூறுகின்றனர். அப்படையின் உட்பிரிவுகளைச் சொல்லும்போது வலங்கை, இடங்கை, சிறுதனம், பிள்ளைகள்தனம், வடுகர் என்பவற்றோடு "மலையாளர்" என்பதும் இடம் பெறுகிறது. சோழர் ஆட்சி இலங்கையில் முடிந்த பிறகும், தமிழரும் மலையாளரும் தெலுங்கரும் ஒரே படையில் நின்று, தமிழில் கல்வெட்டி, பௌத்தக் கோயிலுக்குக் காவலிருந்தார்கள்.

1025இல் கடாரம் சென்ற கலங்களில் இன்ன ஊரார் இத்தனை பேர் என்று எவரும் பிரித்து எழுதி வைக்கவில்லை. ஆனால் அதற்கு முன்னும் பின்னும் இத்தகைய படைகளில் மலை நாட்டார் இருந்தது கல்லில் உள்ள உண்மை.

குதிரைக்கும் மேற்குக் கரையே வாசல். தமிழகத்தில் நல்ல குதிரை வளர்வதில்லை. அரபு நாட்டிலிருந்து கடல் வழியாக வர வேண்டும். பிற்காலச் சோழர் கல்வெட்டுக்களில் மலைமண்டலத்துக் "குதிரைச் செட்டிகள்" தமிழகக் கோயில்களுக்குக் கொடை அளித்த செய்தி காணப்படுகிறது.

படைக்கு முன்னால் கணக்கு

கடலில் ஒரு படையைச் செலுத்த என்ன தேவை? நாகப்பட்டினத்திற்கும் கடாரத்திற்கும் இடையே எத்தனை நாள் பயணம் என்பதற்கு ஒரு பழங்குறிப்பு இருக்கிறது. 7ஆம் நூற்றாண்டின் இறுதியில் சீனத் துறவி இத்சிங் எழுதியது. கடாரத்தில் கப்பலேறி மேற்கு நோக்கி வந்த ஒரு துறவி 30 நாளில் நாகப்பட்டினத்தையும், மேலும் 2 நாளில் இலங்கையையும் அடைந்தார் என்பது அக்குறிப்பு.

ஒரு கப்பலில் 100 பேர் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஆளுக்கு நாளொன்றுக்கு 3 லிட்டர் குடிநீர் என்றால், 30 நாளைக்கு 9,000 லிட்டர். அதாவது தண்ணீர் மட்டுமே 9 டன். ஆளுக்கு அரைக் கிலோ அரிசி என்றால் ஒன்றரை டன். இதற்கு மேல் உப்பு, புளி, விறகு, கயிறு, பாய்த்துணி, ஆயுதம். ஒரு கப்பலுக்கே இவ்வளவு. பல கப்பல்கள் சேர்ந்து போக வேண்டுமானால், பல ஊர்களின் நெல் ஒரே சமயத்தில் ஒரே துறையில் வந்து குவிய வேண்டும்.

சோழ அரசிடம் இதற்கு வேண்டிய கருவி இருந்தது. வாளைவிடக் கூர்மையான அக்கருவியின் பெயர் கணக்கு. ராஜராஜன் காலத்தில் நிலம் முழுவதும் அளக்கப்பட்டு, வேலியின் மிக நுண்ணிய பின்னம் வரை வரி விதிக்கப்பட்டது. அந்த அளவைப் பணியில் பெயர் பெற்ற குரவன் உலகளந்தான், சேனாபதி பட்டம் உடையவன். பெரிய கோயிலின் திருச்சுற்று மாளிகையைக் கட்டிய கிருஷ்ணன் ராமனும் சேனாபதியே. நிலம் அளப்பவனும், கட்டடம் எழுப்புபவனும், படை நடத்துபவனும் ஒருவனாகவே இருக்கக்கூடிய நிர்வாகம் அது.

பெரிய கோயிலுக்கு நெல் அளக்க வேண்டிய ஊர்களின் பட்டியலைப் பார்த்தால் இது இன்னும் நன்றாக விளங்கும். "ஆடவல்லான்" என்ற மரக்காலால் நெல் அளக்கப்பட வேண்டும். அது "ராஜகேசரி" என்னும் அளவுக்கு ஒப்பானது என்று கல்வெட்டுச் சொல்கிறது. ஈழத்து ஊர்கள் சிலவும் இந்தக் கோயிலுக்கு விடப்பட்டிருந்தன. கடலுக்கு அப்பாலிருக்கும் ஊரின் விளைச்சலைத் தஞ்சையில் கணக்கெழுதத் தெரிந்த அரசுக்கு, தஞ்சை நெல்லைக் கடலுக்கு அப்பால் கொண்டு செல்வது எட்டாத காரியமாக இருந்திருக்காது.

மரக்கலம் யாருடையது?

அத்தனை கப்பல்களும் அரசன் கட்டியவையா? இங்கேதான் வணிகர் வருகிறார்கள்.

849ஆம் ஆண்டைச் சேர்ந்த கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் மணிக்கிராமம், அஞ்சுவண்ணம் என்ற வணிகர் குழுக்கள் இடம் பெறுகின்றன. அதே 9ஆம் நூற்றாண்டில், வங்கக் கடலின் மறுகரையில் தாய்லாந்தின் தகுவாபா என்ற இடத்தில் ஒரு தமிழ்க் கல்வெட்டு. அங்கே வெட்டப்பட்ட "அவனிநாரணம்" என்னும் குளம் மணிக்கிராமத்தாருக்கும் சேனாமுகத்தாருக்கும் அடைக்கலம் என்கிறது அது. கொல்லத்தில் கடை வைத்திருந்த பெயரே மலாய்த் தீபகற்பத்தில் குளத்துக்குக் காவல் நின்றது. உடன் நின்ற சேனாமுகத்தார் படைவீரர். வணிகனும் வீரனும் சேர்ந்தே கடல் கடந்தார்கள் என்பதற்கு, ராஜேந்திரனுக்குச் சுமார் 200 ஆண்டுகளுக்கு முந்திய சாட்சி இது.

1088இல் சுமத்ராவின் பாருஸ் பகுதியில் வெட்டப்பட்ட இன்னொரு தமிழ்க் கல்வெட்டு, திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற பெரும் வணிகக் குழுவினுடையது. துறைக்கு வரும் மரக்கலத்தின் தலைவனான "மரக்கல நாயன்" செலுத்த வேண்டிய கட்டணத்தை அது பேசுகிறது. இக்குழுவினர் தங்கள் சரக்கைக் காக்க "எறிவீரர்" என்ற சொந்தக் காவற்படையும் வைத்திருந்தார்கள்.

கடாரத்துக்குப் போன வழி, தண்ணீர் எடுக்கும் தீவு, பாறை உள்ள துறை, அங்குள்ள காவல் ஆகிய அனைத்தும் இந்த வணிகருக்கு மனப்பாடம். அவர்களுடைய கலங்களும் மாலுமிகளும் ராஜேந்திரனின் படைக்கு உதவினார்கள் என்று வரலாற்று அறிஞர் பலர் கருதுவதற்கு இதுவே காரணம். மலாக்கா நீரிணை வழியாகச் சீனம் செல்லும் வாணிகம் ஸ்ரீவிஜயத்தின் பிடியில் இருந்தது. 1015இல் சோழ நாட்டுத் தூதுக்குழு சீனப் பேரரசனைக் கண்டது. அக்குழு அங்கு போய்ச் சேர ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் பிடித்தன. இடையில் உள்ள வழியைத் திறந்துவிடுவதில் அரசனுக்கும் வணிகருக்கும் பொதுவான அக்கறை இருந்தது. தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை மலைகளில் இன்றும் தமிழ்த் தொழிலாளர் பறிக்கும் ஏலக்காயும் மிளகும், அன்றைய கடல் வாணிகத்தில் விலை மதிப்புள்ள சரக்குகள் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

அக்காலக் கலம் எப்படி இருந்தது? சோழர் கப்பல் என்று உறுதியாகச் சொல்லத்தக்க எதுவும் கடலடியிலிருந்து கிடைக்கவில்லை. ஆனால் ஆலப்புழை மாவட்டம் சேர்த்தலைக்கு அருகே, தைக்கல் கடக்கரப்பள்ளியில் வயல் மண்ணுக்கு அடியிலிருந்து ஒரு பழைய மரக்கலம் 2002-03ஆம் ஆண்டுகளில் தோண்டி ஆராயப்பட்டது. நீளம் சுமார் 18 மீட்டர். அகலம் சுமார் 4 மீட்டர். ஆஞ்சிலி மரப் பலகைகளை இரும்பு ஆணி கொண்டு பொருத்தியிருந்தார்கள். அதன் காலம் 11 முதல் 15ஆம் நூற்றாண்டுக்கு உட்பட்டது என்று கணிக்கப்பட்டுள்ளது. இடைக்கால நம் கடற்கரைத் தச்சர்களின் கைவண்ணத்துக்கு நேரான சான்று கேரள மண்ணில் கிடைத்திருப்பது பொருத்தமே.

காற்று காட்டிய வழி

பாலக்காட்டுக் கணவாயில் வாழ்பவர்களுக்குக் காற்றைப் பற்றி எடுத்துச் சொல்ல வேண்டாம். இடவப்பாதி மழையோடு மேற்கிலிருந்து காற்று கணவாயில் நுழைந்து கொங்கு நாட்டை நோக்கிப் பாயும். தனு மாதத்தில் அது திசை மாறி, கிழக்கிலிருந்து பனைகளை உலுக்கிக்கொண்டு வரும்.

சோழரின் கடற்பயணமும் இதே இரண்டு காற்றுகளை நம்பியது. தென்மேற்குப் பருவக்காற்று வங்கக் கடலில் பாய்மரக் கலங்களைக் கிழக்கு நோக்கித் தள்ளும். வடகிழக்குப் பருவக்காற்று அவற்றை மீண்டும் சோழ மண்டலக் கரைக்குக் கொண்டுவந்து சேர்க்கும். நினைத்த நேரத்தில் போகவும் முடியாது, திரும்பவும் முடியாது. ஆகவே நெல் அறுவடை, சேகரம், படை திரட்டல், கலம் பழுது பார்த்தல் எல்லாம் காற்று வரும் காலத்துக்குள் முடிந்தாக வேண்டும். காற்றைத் தவறவிட்டால் பல மாதங்கள் காத்திருக்க வேண்டும். மறுகரையில் சண்டை நீண்டாலும் அதே கதிதான். 13 இடங்களைத் தாக்கிய படை எங்கும் நிலையாக அமர்ந்து ஆண்டதாகச் சான்று இல்லாமற் போனதற்குக் கடலும் காற்றும் ஒரு காரணமாகலாம்.

இலங்கையில் பொலன்னறுவையைத் தலைநகராக்கிச் சோழர் பல ஆண்டுகள் ஆண்டார்கள். கடாரத்தில் அப்படி ஆளவில்லை. வீரராஜேந்திரன் காலத்தில் 1068ஐ ஒட்டி மீண்டும் ஒரு படை கடாரம் சென்றது. உதவி கேட்டு வந்த ஓர் அரசனுக்காக அந்நாட்டை வென்று, அவனிடமே திருப்பிக் கொடுத்ததாக அவன் மெய்க்கீர்த்தி கூறுகிறது. 1090இல் கடாரத்து அரசனின் தூதர்கள் முதலாம் குலோத்துங்கனிடம் வந்து, நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரத்துக்கு உரிய ஊர்களின் வரிகளை நீக்கித் தரும்படி கேட்டுப் பெற்றுச் சென்றனர். அந்தச் சூடாமணி விகாரம் ராஜராஜன் காலத்தில் கடாரத்து அரச குலத்தார் எழுப்பியது. ஆனைமங்கலம் என்ற ஊரை ராஜராஜன் அதற்கு அளித்திருந்தான். போர் வந்து போனது. கோயிலும் வாணிகமும் நிலைத்தன.

அடி வாங்கியவர் கணக்கு

ஒரு பக்கத்துக் கணக்கை மட்டும் படித்தால் சரித்திரம் ஆகாது. 1007ஐ ஒட்டிய ஹொட்டூர்க் கன்னடக் கல்வெட்டு, சோழன் ஒன்பது லட்சம் பேர் கொண்ட சேனையோடு வந்து நாட்டைச் சூறையாடினான், பெண்களையும் குழந்தைகளையும் கூட விடவில்லை என்று குற்றம் சாட்டுகிறது. எண்ணிக்கை எதிரியின் மிகையாக இருக்கலாம். வேதனை மிகையாக இருக்க வேண்டியதில்லை. இலங்கையின் சூளவம்சமும் சோழப் படைகள் விகாரங்களைக் கொள்ளையிட்டதைப் பதிவு செய்துள்ளது. 1017இல் பிடிபட்ட ஐந்தாம் மகிந்தன் சோழ நாட்டுச் சிறையிலேயே 1029இல் இறந்தான்.

சித்தூர்க் கொங்கன் படை விழாவையும் இந்த வரிசையில் வைத்தே பார்க்க வேண்டும். படை வந்த வழியில் வாழ்ந்தவர்களின் நினைவு அது. வென்றவன் கல்லில் எழுதினான். எதிர்த்து நின்றவன் திருவிழாவில் எழுதினான்.

கோவையிலிருந்து பாலக்காட்டுக்கு வரும் வழியில், கணவாயின் கிழக்கு வாயிலில், சுண்டக்காமுத்தூர் அருகே ஒரு பாறைக் கல்வெட்டு உள்ளது. தமிழ், வட்டெழுத்து ஆகிய இரண்டு எழுத்துக்களிலும் பொறிக்கப்பட்டது. அங்குச் சென்ற நெடுஞ்சாலைக்கு "ராஜகேசரிப் பெருவழி" என்ற பெயர் இருந்ததை அது அறிவிக்கிறது. ராஜகேசரி என்பது சோழ மன்னரின் பட்டம். இங்கே குறிக்கப்படுபவன் 9ஆம் நூற்றாண்டு முதலாம் ஆதித்தன் என்பர். சோழ நாட்டார் படித்தது தமிழ் எழுத்து. மலை நாட்டார் படித்தது வட்டெழுத்து. வழிப்போக்கர் இருவரும் படிக்கட்டும் என்று இரண்டிலும் வெட்டினார்கள்.

அந்தப் பெருவழியில் படையும் நடந்தது, மிளகு மூட்டையும் நடந்தது. வெள்ளங்குமரனைப் போன்ற மலை நாட்டு வீரர்கள் கிழக்கே போனார்கள். கொங்கு நாட்டு உழவர்களும் வணிகர்களும் மேற்கே வந்தார்கள். இன்று வாளையாற்றைத் தாண்டி இரண்டு பக்கமும் சென்று பிழைக்கும் மக்கள் அவர்கள் வழியில் வந்தவர்களே.

ஆகவே சித்தூர்த் திடலில் நின்று, சோழன் நம்மவனா, பகைவனா என்று கேட்கும் பிள்ளைக்குப் பெற்றோர் இப்படிச் சொல்லலாம்: கடாரம் சென்ற கலத்தை ஓர் அரசன் மட்டும் செலுத்தவில்லை. நெல் அளந்த ஊரார், கணக்கு எழுதியவர், மரம் அறுத்த தச்சர், வழி சொன்ன மாலுமி, பல மொழி பேசிய வீரர் அனைவரும் சேர்ந்து செலுத்தியது. அதில் நமக்கும் பங்கு உண்டு, பக்கத்து வீட்டு மலையாளிக்கும் பங்கு உண்டு. அந்தப் படையால் துன்பப்பட்டவர்களின் கதையும் நம் கதைதான். அடுத்த கும்பத்தில் கொங்கன் படை வரும்போது, அந்தப் பிள்ளை வெட்கப்படவும் வேண்டாம், வீம்பு பேசவும் வேண்டாம்.